பழைய ஜிப்சி வயரிங் செட்டையும் கப்ளர்களையும் சுத்தம் செய்வது எப்படி?

மாருதி ஜிப்சி ஒன்றைச் சீரமைத்துக்கொண்டிருப்பதாகவும், அதற்காகச் சென்னைப் புதுப்பேட்டையில் முழு வயரிங் செட் ஒன்றை வாங்கியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது பிசுபிசுப்பும் மண்ணும் பச்சைக் களிம்புமாக இருப்பதால், பெட்ரோலில் ஊறவைத்துக் கழுவி, வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் கூடுகளான கப்ளர்களின் உலோகப் பின்களை உப்புத்தாளால் தேய்த்துவிடலாமா என்பது உங்கள் கேள்வி. இரண்டையும் செய்யாதீர்கள். பெட்ரோல் தீப்பிடிக்கும் என்பது ஒரு காரணம். வயரின் பிவிசி உறைக்கு நெகிழ்வு தரும் சேர்மத்தை அது கரைத்து எடுத்துவிடுவதால், கழுவிய அன்று பளிச்சென்று தெரியும் வயர் சில மாதங்களில் விறைத்து, வளையும் இடங்களில் வெடிக்கத் தொடங்கும் என்பது மற்றொரு காரணம். உப்புத்தாள் செய்யும் கெடுதல் இதைவிட நுட்பமானது என்பதால் அதைப் பின்களைப் பற்றிப் பேசும்போது விளக்குகிறேன்.

முதலில் தண்ணீரோ திரவமோ படாமல், உலர்ந்த நிலையிலேயே செட் முழுவதையும் பார்வையிட வேண்டும். கழுவிவிட்டால் அதன் கடந்த காலத்தைச் சொல்லும் தடயங்கள் எல்லாம் போய்விடும். வயர்களை மூடியிருக்கும் மடிப்புக் குழாயைப் பிளந்து பாருங்கள். உள்ளே மாவு போன்ற மென்மையான வண்டல் படிந்திருந்தால், அந்த வண்டி வெள்ளத்தில் நின்றது என்று பொருள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் மூழ்கிய வண்டிகளின் பாகங்கள் பழைய சாமான் சந்தைக்கு வராமல் போயிருக்க வழியில்லை. வெள்ளத்தில் நின்ற செட்டில் வெளியே தெரியும் களிம்பைவிட உறைக்குள் செம்பில் ஏறியிருக்கும் கறுப்பே பெரிய பிரச்சினை. அத்தகைய செட்டை நான் கழுவ மாட்டேன். கப்ளர்களையும் கிளிப்புகளையும் மட்டும் எடுத்துக்கொண்டு, புது வயரில் கட்டுவேன்.

எலிப்புழுக்கையும் கடித்த தடங்களும் இருந்தால் ரப்பர் கையுறை இல்லாமல் தொட வேண்டாம். எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும். வெட்டுக்காயம் உள்ள கைகளோடு வயர்களை உருவுவது அதற்கு வழி திறந்துவிடுவதாகும். இதற்காகப் பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றிவிடாதீர்கள். குளோரின் செம்பை வேகமாக அரிக்கும். சோப்புத் தண்ணீரும் நன்றாக உலர்த்துவதுமே போதும். மூன்றாவதாக, உருகிப் பழுப்பேறிய கப்ளர்களைத் தேடுங்கள். முகப்பு விளக்கு, இக்னிஷன் சுவிட்ச், ஃபியூஸ் பெட்டி ஆகிய மூன்று இடங்களில்தான் இவை பெரும்பாலும் கிடைக்கும். ஒருமுறை அந்த அளவுக்குச் சூடேறிய பின்னில் சுருள்வில் போன்ற இறுக்கம் போயிருக்கும். எவ்வளவு துடைத்தாலும் அது திரும்பாது. அதைச் சுத்தம் செய்யும் பட்டியலிலிருந்தே நீக்கிவிடுங்கள்.

உங்கள் செட் எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். 1985இல் வந்த ஜிப்சி கார்புரேட்டர் வண்டி. 2000ஆம் ஆண்டில், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி இஞ்செக்டரால் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ என்ஜின் வந்தது. முன்னதன் வயரிங்கில் விளக்கு, ஸ்டார்ட்டர், சார்ஜிங் போன்ற, ஓரளவு மின்னோட்டம் செல்லும் இணைப்புகளே அதிகம். பின்னதில் இஞ்செக்டர்களும் உணரிகளும் (சென்சார்கள்), என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியான ஈசிஎம்மின் கப்ளரும் சேர்ந்துகொள்கின்றன. இந்த இரு வகை இணைப்புகளும் வேறு வேறு விதத்தில் பழுதாகின்றன. 60 வாட் முகப்பு விளக்கு ஏறத்தாழ 5 ஆம்பியர் இழுக்கும். அதன் கப்ளரில் 0.2 ஓம் தடை சேர்ந்துவிட்டாலே 1 வோல்ட் அங்கே விழும்; 5 வாட் வெப்பம் ஒரு சிறு நைலான் கூட்டுக்குள் தேங்கும். கப்ளர் உருகுவது இப்படித்தான். உணரியின் வயரிலோ மில்லிஆம்பியர் கணக்கில்தான் மின்சாரம் ஓடுகிறது. அது எதையும் உருக்காது. ஆனால் பின்மீது படிந்த ஆக்சைடு படலத்தைத் துளைத்துச் செல்லும் வலுவும் அதற்கு இல்லை. குளிர்நீர் வெப்ப உணரியின் தடை, என்ஜின் குளிர்ந்திருக்கும்போது சில ஆயிரம் ஓமும், சூடேறியபின் சில நூறு ஓமும் இருக்கும். கப்ளரில் நூறு ஓம் கூடினால் என்ஜின் உண்மையில் இருப்பதைவிடக் குளிர்ந்திருப்பதாக ஈசிஎம் எண்ணிக்கொண்டு கூடுதல் பெட்ரோலைப் பாய்ச்சும். ஆகவே விளக்குக் கப்ளரில் இறுக்கத்துக்கும், உணரிக் கப்ளரில் தூய்மைக்கும் முதலிடம் கொடுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். செட்டை ஒரு பழைய ஒட்டுப்பலகையின் மீது விரித்து, ஒவ்வொரு கிளையும் எங்கே பிரிகிறது, எவ்வளவு நீளம் போகிறது என்பதைப் பென்சிலால் பலகையிலேயே வரைந்துகொள்ளுங்கள். பிரியும் இடங்களில் இரண்டிரண்டு ஆணிகளை அடித்துவிட்டால், டேப்பை உரித்த பிறகும் கிளைகள் இடம் மாறாது. ஒவ்வொரு கப்ளரையும் முன்னும் பின்னும் படம் எடுங்கள். பின்பக்கப் படம்தான் பிற்பாடு கைகொடுக்கும், எந்த நிற வயர் எந்தத் துளையில் இருந்தது என்பது அதில்தான் தெரியும். ரிலே, ஃபியூஸ், பிளாஷர் எல்லாவற்றையும் கழற்றி எடுத்துவிடுங்கள். டேப்பைக் கத்தியால் கீறாமல், தையல்காரர்கள் தையல் பிரிக்கும் சிறு கொக்கியால் அறுத்தால் வயரின் உறை கீறுபடாது. டேப் நல்ல நிலையில் இருக்கும் நீண்ட நேர்ப்பகுதிகளை உரிக்கவே தேவையில்லை. முழுவதையும் பிரித்துப்போட வேண்டும் என்ற ஆர்வம் பலருக்கும் வருகிறது, ஆனால் தொழிற்சாலையில் சுற்றப்பட்டதை அதே ஒழுங்கில் திரும்பச் சுற்றுவது எளிதல்ல.

பழைய டேப்பின் பசை வயரில் தார் போல ஒட்டியிருக்கும். பெயிண்ட் கடையில் கிடைக்கும் டர்பன்டைனையோ, கிடைத்தால் மண்ணெண்ணெயையோ துணியில் சிறிது நனைத்து, ஒரு சாண் நீளமாகத் துடைத்துக்கொண்டே வாருங்கள். துடைத்த கையோடு சோப்புத் தண்ணீரில் நனைத்த இன்னொரு துணியால் அதை எடுத்துவிடுங்கள். வயரை இவற்றில் ஊறவைக்கக் கூடாது. மேலே துடைத்து எடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தின்னர், அசிட்டோன், பிரேக் கிளீனர் ஆகியவை கப்ளரின் பிளாஸ்டிக்கையும் உறையையும் கெடுக்கக்கூடியவை என்பதால் அவற்றை மேசையின் பக்கமே கொண்டுவராதீர்கள். எந்தத் திரவமானாலும் முதலில் ஒரு மறைவான இடத்தில் துடைத்துப் பார்க்க வேண்டும்; சில வயர்களில் அடிநிறத்தின் மேல் ஓடும் மெல்லிய கோடு அச்சிடப்பட்டது மட்டுமே, அது அழிந்துபோனால் எந்த வயர் எது என்பதே தெரியாமல் போய்விடும். கடைசியில் கொஞ்சம் பிசுபிசுப்பு எஞ்சினால் முகப்பவுடரைத் தூவித் தேய்த்துவிடுங்கள். பவுடரில் உள்ள டால்க் பசையை மூடிவிடும், வயரும் வழுவழுப்பாகிவிடும்.

மற்ற அழுக்கெல்லாம் வெதுவெதுப்பான தண்ணீருக்கும் பாத்திரம் துலக்கும் திரவத்துக்குமே போய்விடும். ஆனால் செட்டை அப்படியே வாளிக்குள் அமுக்குவதை நான் ஏற்பதில்லை. வயர் என்பது மெல்லிய செம்பு இழைகளின் கட்டு. அதன் வெட்டுமுனை தண்ணீரில் பட்டால் இழைகளுக்கு இடையிலான நுண்ணிய இடைவெளி வழியே தண்ணீர் விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல உறைக்குள் ஏறிவிடும், அங்கிருந்து அது வெளியேற வழி கிடையாது. ஆகவே வயர்ப்பகுதியைத் துணியாலேயே துடையுங்கள். கப்ளர்களையும் பின்களையும் தனித்தனியாகக் கவனியுங்கள். கடைசியாக அலசும் தண்ணீரும் முக்கியம். கடற்கரையை ஒட்டிய பகுதிகளின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு மிகுதி. அது உலர்ந்தால் பின்களுக்கு நடுவே ஈரம் உறிஞ்சும் படிவத்தை விட்டுச் செல்லும். பெட்ரோல் பங்கில் கேனில் விற்கும் பேட்டரித் தண்ணீர் காய்ச்சி வடித்ததோ அயனி நீக்கப்பட்டதோதான். கடைசி அலசலுக்கு அதுவே ஏற்றது, செலவும் அதிகமில்லை. வாங்கும்போது அது வெறும் தண்ணீர்தானா, அமிலம் அல்லவா என்று மட்டும் சீட்டைப் படித்து உறுதிசெய்யுங்கள்.

கப்ளரிலிருந்து பின்களை வெளியே எடுக்க வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. அழுக்கு வெளிப்புறத்தோடு நின்றுவிட்ட கப்ளரில் அதற்குத் தேவையே இல்லை. 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலையோ கான்டாக்ட் கிளீனரையோ பீய்ச்சி, மென்மையான சிறு தூரிகையால் துடைத்து, முனை கீழ்நோக்கித் தொங்கும்படி வடியவிட்டால் போதும். காற்றோட்டமான இடமும், பக்கத்தில் நெருப்பு இல்லாததும் இதற்கு நிபந்தனை. களிம்பு உள்ளே இருந்தால் பின்னை எடுத்துத்தான் ஆக வேண்டும். பல கப்ளர்களில் வேறு நிறத்தில் ஒரு இரண்டாம் பூட்டு இருக்கும். முதலில் அதைத் தள்ளித் திறந்துவிட்டு, பிறகு மெல்லிய தகட்டால் பின்னைப் பிடித்திருக்கும் நாக்கை விலக்கினால், வயரை மெல்ல இழுக்கும்போதே பின் வந்துவிடும். பலம் கொடுத்து இழுக்க வேண்டியிருந்தால் பூட்டு இன்னும் திறக்கவில்லை என்று பொருள். காய்ந்துபோன நைலான் எளிதில் உடையும் தன்மையுடையது. எடுப்பதற்கு முன்பு வெந்நீரில் நனைத்த துணியைக் கப்ளரின் மேல் சிறிது நேரம் சுற்றிவைத்தால் அது கொஞ்சம் இளகிக்கொடுக்கும். தண்ணீர் புகாத கப்ளர்களில் உள்ள வண்ண ரப்பர் வளையங்கள் பெரும்பாலும் சிலிக்கோன் ரப்பரால் ஆனவை. டர்பன்டைனோ மண்ணெண்ணெயோ பட்டால் அவை உப்பிவிடும். அவற்றைச் சோப்புத் தண்ணீரில் மட்டும் கழுவுங்கள்.

இப்போது உப்புத்தாள் விஷயம். பெரும்பாலான பின்கள் பித்தளையாலோ வேறு செம்புக் கலவையாலோ செய்யப்பட்டு, மேலே ஓரிரு மைக்ரான் தடிப்புக்கு வெள்ளீயம் பூசப்பட்டவை. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உப்புத்தாளின் இரண்டு தேய்ப்புக்கு அது தாங்காது. பூச்சு போனபின் வெறும் பித்தளை சில நாட்கள் பளபளக்கும், பிறகு முன்னைவிட வேகமாகக் கறுக்கும். வெள்ளீயப் பூச்சு மங்கலாக, சாம்பல் நிறமாக இருப்பது குறையே அல்ல. அதை அப்படியே விட்டுவிடலாம். கவனிக்க வேண்டியது, இரு பின்களும் உரசும் இடத்தில் மட்டும் தெரியும் சிறு கறும்புள்ளிகளை. என்ஜினின் அதிர்வால் பின்கள் ஒன்றின்மீது ஒன்று கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு நகர்விலும் மென்மையான வெள்ளீயம் கீறுபட்டு, புதிதாக வெளிப்பட்ட உலோகம் ஆக்சைடாகி, அந்தத் துகள்கள் அங்கேயே சேரும். கப்ளரைக் கழற்றி மாட்டியதும் வண்டி சரியாகிவிட்டது, சில வாரங்களில் மறுபடியும் அதே தொல்லை என்று மெக்கானிக்குகள் சொல்வதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். இந்தப் புள்ளிகளை ஆல்கஹாலில் நனைத்த கெட்டியான நைலான் தூரிகையாலோ, பென்சில் அழிப்பானின் ஓரத்தாலோ நீக்கினால் போதும். மஞ்சளாக மின்னும் தங்கப்பூச்சுப் பின் எங்காவது இருந்தால் அதன் மேல் ஆல்கஹாலைத் தவிர எதையும் பயன்படுத்தாதீர்கள்.

பச்சைக் களிம்புக்கு அமிலம் தேவைப்படும். பித்தளைப் பாத்திரத்துக்குப் புளி போட்டுத் துலக்குவதன் வேதியியல்தான் இங்கும் வேலை செய்கிறது என்றாலும், புளியின் சர்க்கரையும் சக்கையும் பின்னின் இடுக்கில் தங்கிவிடும் என்பதால் சிட்ரிக் அமிலத்தைப் பயன்படுத்துங்கள். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 50 கிராம் கரைத்தால் 5 சதவீதக் கரைசல் கிடைக்கும். வயர் இல்லாத தனிப் பின்களையும், எர்த் வயரைப் பாடியில் இறுக்கும் உலோக முனைகளான எர்த் லக்குகளையும் அதில் சில நிமிடங்கள் போட்டு, பச்சை கரைந்ததும் எடுத்து, சமையல் சோடா கலந்த தண்ணீரில் முக்கி, பேட்டரித் தண்ணீரில் அலசி, ஆல்கஹாலில் நனைத்து உலர்த்துங்கள். வயரோடு இணைந்திருக்கும் பின்னை இந்தக் கரைசலில் முக்கவே கூடாது. மேலே சொன்ன திரி விளைவால் அமிலம் உறைக்குள் ஏறி, நீங்கள் வேலையை முடித்து வண்டியை ஓட்டிய பிறகும் உள்ளிருந்து அரித்துக்கொண்டே இருக்கும்.

வயரோடு இணைந்த பின்னில் களிம்பு ஏறியிருந்தால் என்ன செய்வது? பின்னைச் சுத்தம் செய்வதற்கு முன்பு, அதை ஒட்டிய உறையை அரை சென்டிமீட்டர் அளவுக்குச் சீவிப் பாருங்கள். உள்ளே செம்பு பளிச்சென்று இருந்தால், பின்னை ஆல்கஹாலால் துடைத்து அப்படியே பயன்படுத்தலாம். சீவிய இடத்தைப் சூடாக்கினால் சுருங்கி இறுகும், பசை உள்ள சுருங்கு குழாயால் மூடிவிட வேண்டும். இழைகள் கறுத்திருந்தால் அந்தப் பின் முடிந்தது. செம்பு நிறம் தெரியும்வரை வயரைச் சிறிது சிறிதாக வெட்டிக்கொண்டே போங்கள். கறுத்த இழையில் ஈயப்பற்று ஒட்டாது. கிரிம்ப் செய்தாலும், அதாவது பின்னை வயரின் மேல் கருவியால் நசுக்கி இறுக்கினாலும், ஆக்சைடுக்கு மேல் ஆக்சைடு அழுந்துமே ஒழிய நல்ல இணைப்பு கிடைக்காது. ஒரு சாண் வெட்டியும் கறுப்பு தீரவில்லை என்றால் அந்த வயரை முழு நீளத்துக்கும் மாற்றுங்கள். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த வயர்கள் 0.5, 0.85, 1.25, 2 சதுர மில்லிமீட்டர் அளவுகளில் இருக்கும், 0.85 கிடைக்காவிட்டால் 1 சதுர மில்லிமீட்டர் வயரைப் போடலாம், 0.75 போடக் கூடாது. வீட்டு வயரிங்குக்கான வயர் இங்கே உதவாது. வாகனங்களுக்கென விற்கப்படும் பல இழை வயர்தான் வேண்டும். அதிர்வுள்ள இடத்தில் ஈயப்பற்று வைத்தால், பற்று நின்றுபோகும் எல்லையில் வயர் விறைத்து அங்கேயே முறியும் என்பதால், சரியான கிரிம்ப் கருவியால் அழுத்திய இணைப்பையே நான் விரும்புவேன்.

சுத்தம் செய்தபின், பெண் பின்னின் (மற்றொரு பின்னை உள்வாங்கும் பின்னின்) இறுக்கத்தைச் சோதிக்காமல் கப்ளருக்குள் தள்ளிவிடாதீர்கள். அதே அளவுள்ள ஒற்றை ஆண் பின்னை அதில் நுழைத்து இழுத்துப் பாருங்கள். அதே கப்ளரில் உள்ள மற்ற பின்களோடு ஒப்பிடும்போது ஒன்று மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தால் அது தளர்ந்துவிட்டது. மெல்லிய ஊசியால் அதன் நாக்கைச் சிறிது நிமிர்த்தலாம், ஆனால் விளக்கு போன்ற அதிக மின்னோட்ட இடங்களில் அதை நம்புவதைவிடப் புதுப் பின் போடுவது மேல். கடையில் 090, 250 என்று கேட்டால் கொடுப்பார்கள். இவை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் பின்னின் அகலத்தைக் குறிப்பவை. அதாவது ஏறத்தாழ 2.3 மில்லிமீட்டரும் 6.3 மில்லிமீட்டரும்.

உலர்த்துவதில்தான் பொறுமை வேண்டும். காற்றோட்டமுள்ள நிழலில், கப்ளர்கள் கீழே பார்க்கும்படி கொடியில் தொங்கவிட்டு, மின்விசிறியை ஓடவிட்டு, இரண்டு மூன்று நாட்கள் விட்டுவிடுங்கள். கம்ப்ரசர் இருந்தால் ஒவ்வொரு துளையையும் ஊதிவிடலாம், ஆனால் அதன் தொட்டியில் சேர்ந்திருக்கும் தண்ணீரை முதலில் வடித்துவிடுங்கள். சித்திரை வெயிலில் மொட்டை மாடித் தரையில் பரப்புவது விரைவான வழியாகத் தோன்றினாலும், அந்தச் சூட்டில் எஞ்சிய டேப் பசை இளகி மறுபடியும் வழிந்துவிடும்.

உலர்ந்தபின் மல்டிமீட்டரில் பீப் ஒலி கேட்டதோடு திருப்தி அடைந்துவிட வேண்டாம். மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய மின்னோட்டம். அதன் முனைக் கம்பிகளின் தடையே 0.1, 0.2 ஓம் இருக்கும் என்பதால், அதே அளவு கெட்ட இணைப்பு அதில் மறைந்துவிடும். 12 வோல்ட் பேட்டரி, 10 ஆம்பியர் ஃபியூஸ், சோதிக்க வேண்டிய வயர், 55 வாட் பல்பு ஆகியவற்றை வரிசையாக இணைத்து, பல்பு எரியும்போது வயரின் இரு முனைகளுக்கும் இடையே வோல்டேஜை அளந்து பாருங்கள். ஏறத்தாழ 4.5 ஆம்பியர் ஓடும்போது 0.1 ஓம் தடை 0.45 வோல்ட்டாகத் தெரியும். அதை எந்த மீட்டரும் காட்டிவிடும். எவ்வளவு இருக்க வேண்டும் என்பதையும் கணக்கிடலாம். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரின் தடை மீட்டருக்குச் சுமார் 0.018 ஓம், எனவே 3 மீட்டர் வயரில் கால் வோல்ட் விழுவது இயல்பு. கணக்கைவிட 0.1 வோல்ட்டுக்கு மேல் கூடுதலாக விழுந்தால், இடையில் உள்ள கப்ளரையோ மறைந்திருக்கும் இணைப்பையோ தேடிப் பாருங்கள். உணரிகளுக்குச் செல்லும் மெல்லிய வயர்களுக்கு 55 வாட் வேண்டாம், 5 வாட் பல்பு போதும். இந்தச் சோதனை எல்லாமே செட் வண்டியில் பொருத்தப்படாமல், ஈசிஎம் இணைக்கப்படாமல், மேசையில் கிடக்கும்போது மட்டுமே செய்ய வேண்டியது.

கிரீஸ் பற்றி ஒரு வார்த்தை. விளக்கு, எர்த், பேட்டரி இணைப்புகளில் மெல்லிய பெட்ரோலியம் ஜெல்லியோ கப்ளர்களுக்கான கிரீஸோ ஈரத்தைத் தடுக்கும். உரசலால் வரும் கறும்புள்ளியையும் குறைக்கும். கப்ளர் நிரம்ப அப்பிவிட்டால் தூசியைப் பிடிப்பதைத் தவிர வேறு பயன் இல்லை. ரிலே, சுவிட்ச் ஆகியவற்றின் அருகில் சிலிக்கோன் கிரீஸ் வேண்டாம், ஏனெனில் தீப்பொறி எழும் இடத்தில் அதன் ஆவி மின்கடத்தாத மணல் போன்ற படிவமாக மாறும். என்ஜினில் ஆக்ஸிஜன் உணரி இருந்தால் அதன் கப்ளரைக் காய்ந்த துணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பல உணரிகள் ஒப்பீட்டுக்கான வெளிக்காற்றைத் தங்கள் வயர்களின் இழைகள் வழியாகவே எடுக்கின்றன. அங்கே கிரீஸோ கிளீனரோ புகுந்தால் அளவீடு தவறாகும். டபிள்யூடி-40 தண்ணீரை வெளியேற்றவும் துருப்பிடித்த போல்ட்டை இளக்கவும் நல்லதுதான், ஆனால் பின்களுக்கான கடைசிப் பூச்சாக அதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

திரும்பச் சுற்றும்போது கிளை முனைகளில் மட்டும் ஒட்டும் டேப்பும், நடுப்பகுதிகளில் ஒட்டாத வயரிங் டேப்பும், என்ஜின் பக்கத்தில் துணி டேப்பும் பயன்படுத்துங்கள். மடிப்புக் குழாயின் பிளவு கீழ்நோக்கி இருக்கட்டும். கப்ளருக்கு முன்பு வயர் ஒரு தாழ்வான வளைவாக இறங்கி ஏறினால், வழியும் மழைநீர் கப்ளரை அடையாமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். பாடியில் எர்த் லக் உட்காரும் இடத்தில் பெயின்ட்டை உலோகம் தெரியும்வரை சுரண்டிவிட்டு இறுக்கி, அதன் மேல் ஜெல்லி தடவுங்கள்.

வண்டியில் பொருத்திய பிறகு முதல்முறை பேட்டரியை நேராகக் கொடுக்காமல், பிளஸ் வயருக்கு நடுவே அதே 55 வாட் பல்பை வரிசையாக இணைத்துக் கொடுங்கள். எல்லா சுவிட்சும் அணைந்திருக்கும்போது பல்பு எரியக் கூடாது. முழு வெளிச்சத்தில் எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, ஆனால் எதுவும் கருகியிருக்காது. எல்லா ஃபியூஸ்களையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தால் எந்த ஃபியூஸோடு பல்பு எரியத் தொடங்குகிறதோ அந்தச் சுற்றைத் தேடலாம். எரியாமல் எல்லாம் முடிந்தால் பல்பை எடுத்துவிட்டு, உரிய ஃபியூஸோடு பேட்டரியை நேராக இணைத்து, முகப்பு விளக்கைப் பத்து நிமிடம் எரியவிட்டு, ஒவ்வொரு கப்ளரையும் கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை. விரலை வைத்திருக்க முடியாத அளவுக்குச் சுட்டால் அந்தப் பின்னை மாற்றுங்கள்.